கன்னியம்மாவின் இடம்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் இரண்டு பெயர். கூப்பிட ஒன்று, எழுத ஒன்று. ரேஷன் கார்டில் நான் ஜம்புலிங்கம், தெருவில் ஜம்பு, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த பட்டறையில் "யோவ் ஸ்டோரு". அதனால் துலுக்கானத்தின் மகளை வீட்டில் வேம்பு என்றும் பள்ளிக்கூடத்தில் கன்னியம்மா என்றும் கூப்பிட்டதில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன் என்று எனக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது என்று குடிவந்த எட்டு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது.

துலுக்கானம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மணல் அச்சுப் போடுகிறவர். வேலை முடிந்து வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் காது மடலில் கறுப்பு மணல் மிச்சம் இருக்கும். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே நெல் விளைந்ததாம். அவருடைய அப்பா அங்கே ஏர் ஓட்டின கூலியாள். "எங்க நைனா அங்க நாத்து நட்டாரு, நான் இரும்பு நட்டுகினு கீறேன்" என்பார்.

அவர் மனைவி பொன்னியம்மாவுக்கு ரப்பர் வேலை. மோல்டிங் கம்பெனியிலிருந்து சைக்கிளில் கோணி கோணியாக வாஷர் வந்து இறங்கும். அச்சிலிருந்து எடுத்த வாஷரின் ஓரத்தில் மெல்லிசாகப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் வட்டம் கெடாமல் அதை வெட்ட வேண்டும். ஒரு நூல் உள்ளே போனால் வாஷர் கழிவாகிவிடும், ஒரு நூல் வெளியே நின்றால் திரும்பி வந்துவிடும். அந்த வீட்டில் சோறு, பாய், தலைமுடி எல்லாம் ரப்பர் வாடைதான். வேம்பு புத்தகத்தை எதிரில் விரித்து, காற்றில் பக்கம் புரளாமல் மேலே நாலு வாஷரை வைத்து, படித்துக்கொண்டே வெட்டுவாள். அப்படிப் படித்துத்தான் எண்பத்தெட்டாம் வருஷம் பிளஸ் டூ பாஸ் செய்தாள். கணக்கில் அவள் வாங்கின மார்க்கை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. துலுக்கானம் மார்க் ஷீட்டைப் பவுண்டரிக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, ஒரு மூலையில் கைரேகைக் கறையோடு கொண்டுவந்தார்.

படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கம்பெனியிலேயே உள்ளே வேலை போட்டுத் தருவதாக ரப்பர் மேஸ்திரி சொல்லியிருந்தான். அதைக் கெடுத்தவள் ஜுலைகா.

ஜுலைகா அதே பள்ளிக்கூடத்தில் வேம்புக்கு இரண்டு வருஷம் மூத்தவள். பூந்தமல்லியிலிருந்து வந்த குடும்பம். அவளுடைய அத்தாவுக்கு ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை. அவள் வீட்டிலும் காலேஜ் படி ஏறினவள் அவள் ஒருத்திதான். தான் போனதோடு அவளுக்குத் திருப்தி இல்லை. பரீட்சை முடிந்ததும் பிளஸ் டூ பெண்களில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏற்றித் தன் காலேஜுக்குக் கூட்டிப்போவாள். காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாட்ச்மேனிடம் கெஞ்சி, காலியாக இருக்கிற ஒரு வகுப்பைத் திறக்கச் சொல்லி, பெஞ்சில் உட்காரவைப்பாள். "அரை மணி நேரம் உக்காருங்க. அப்புறம் வேணாம்னு சொல்லுங்க, நான் கேக்கமாட்டேன்." அவ்வளவுதான் அவள் செய்தது.

வேம்பு அன்றைக்குத் திரும்பி வந்து கத்தரிக்கோலை எடுத்தவள், ஒரு வாஷரையும் சரியாக வெட்டவில்லை.

"இன்னாடி, கண்ணு எங்க வெச்சிகினு கீற" என்று பொன்னியம்மா திட்டினாள்.

"யம்மா, அங்க கரும்பலகை செவுத்துக்குச் செவுரு கீதுமா. ஒரு கணக்க முழுசாப் போட்டாலும் அழிக்க வேண்டியதே இல்ல."

பொன்னியம்மாவுக்குக் கணக்கும் தெரியாது கரும்பலகையும் தெரியாது. ஆனால் பெண் முகம் தெரியும். மேஸ்திரிக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஜுலைகாவே பாரம் வாங்கி வந்து நிரப்பினாள். ஆடி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது பி.எஸ்ஸி. கணக்குக்கு இடம் கிடைத்ததென்று கார்டு வந்தது. திங்கட்கிழமை சாதிச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு நான்தான் தாயையும் மகளையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப்போனேன். கிராம முன்சீப்பு பதவி போய் எட்டு வருஷம் ஆகியும் எங்கள் ஆட்களுக்கு அவர் முன்சீப்புதான். பெயர் திருவேங்கடம். பத்துப் பைசாவுக்குக் கை நீட்டாத மனிதர். அதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று. கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் பழைய புத்தகத்தையெல்லாம் திறந்திருக்கமாட்டார்.

"ரேஷன் கார்டுல கன்னியம்மான்னு பேரே இல்லையே" என்றார்.

"வேம்புலியம்மான்னு கீது பாருங்க சார், அதான் இந்தப் பொண்ணு. ஊட்டுப் பேரு அது" என்றேன் நான், ரொம்பத் தெரிந்தவன்போல.

"சர்டிபிகேட்ல எழுபதாம் வருஷம் பொறந்ததா இருக்கு. கார்டு வயசுப்படி இது எழுபத்தொண்ணுல்ல வருது." எழுந்து பீரோவிலிருந்து முன்சீப்பு காலத்துப் பிறப்பு இறப்புப் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினார். ஒன்றில் தேடினார். இன்னொன்றை எடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, எழுபத்தேழு மாசியில உங்க ஊட்டுல ஒரு சாவு. கன்னியம்மா, தகப்பன் பேர் துலுக்கானம், வயசு ஆறு, அம்மை. அப்படீன்னா என் எதிர்ல நிக்கிறது யாரு?"

நான் பொன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சார்" என்றாள் வேம்பு.

"நீன்னா?"



திருவேங்கடம் கோபப்படவில்லை. எங்களை உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார். "ரெண்டு வழிதான் இருக்கு. இது வேம்புலியம்மாதான்னு உண்மையைச் சொன்னா, செத்த புள்ளை பேர்ல பரீட்சை எழுதினதா ஆயிடும். மார்க் ஷீட்டு நிக்காது. பன்னெண்டு வருஷப் படிப்பும் தண்ணில போன மாதிரி. இன்னொண்ணு, அன்னைக்குச் செத்தது சின்னவ, அவசரத்துல பெரியவ பேரை எழுதிட்டாங்கன்னு பெத்தவங்க எழுதிக் குடுக்கணும். நான் சிபாரிசு பண்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா சனிக்கிழமை தாசில்தார் கையெழுத்து வாங்கிடலாம்."

"சின்னவன்னா?" என்று கேட்டாள் பொன்னியம்மா.

"வேம்புலியம்மா இறந்துட்டாள்னு எழுதணும்மா."

பொன்னியம்மா எழுந்து முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ஆனிக் காற்று மண்ணை வாரி அடிக்க, ஏரிக்கரை வழியாகக் கள்ளிக்குப்பம் வரைக்கும் நடந்தே போனாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம்.

அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்புப் புகைந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. துலுக்கானத்துக்கு விஷயம் சுலபமாகத் தோன்றியது. "பேர்ல இன்னாமே கீது. காயிதம்தானே. கட்டவெரல வெச்சிட்டு வந்துடு" என்றார்.

"பேர்லதான்யா எல்லாம் கீது. பவுண்டரில நீ ஒரு நம்பரு. உனக்கு எங்க தெரியும்."

"அப்போ பொண்ணு படிக்க வேணாமா?"

"நான் வேணாம்னு சொன்னேனா? செத்தவள உயிரோட கீறான்னு அன்னிக்கு ஒரு பொய் சொன்னேன். அந்தப் பாவத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உயிரோட கீறவள செத்துட்டான்னு பெத்த வாயால எப்டியா சொல்லுவேன்? தாயி காதுல வுழுந்தா சும்மா இருப்பாளா? ஒருத்தியத்தான் எடுத்தோம், ரெண்டுன்னு எழுதிக்குதேன்னு வந்து நின்னா இன்னா பண்ணுவ?"

அவள் தாயி என்று சொன்னது அம்மனை. அம்மை கண்டு போனவர்களைச் செத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதில்லை. தாயி எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்வோம். அரசாங்கப் புத்தகத்துக்குப் பயப்படாத பொன்னியம்மா அந்தக் கணக்குக்குப் பயந்தாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜுலைகா வந்தாள். வேம்பு வாசல் பக்கம் திரும்பாமல் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"கன்னியம்மா, சர்டிபிகேட்டு வாங்கிட்டியா?" என்று ஜுலைகா உள்ளே வரும்போதே கேட்டாள். வேம்பு தலை நிமிராததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னியம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒரு தையற்காரர் பெண்ணிடம் சொன்னாள். வெளி ஆள் என்பதாலேயே சொல்ல முடிந்ததோ என்னவோ.

"பெரியவ ஒண்ணாவது போய்க்கினு இருந்தாம்மா. மாசில பூட்டா. அப்போ நான் கழனிக்கு நடவுக்குப் போவேன். இந்தச் சின்னத எங்க வுட்டுட்டுப் போறது? ஸ்கூல்ல சேத்துக்கச் சொல்லி இட்டுகினு போனேன். கைய தலைக்கு மேல போட்டுக் காத தொடச் சொன்னாங்க. எட்டல. அடுத்த வருசம் இட்டுகினு வான்னுட்டாங்க. சோறு போட்ற எடம், நிழலு கீது, பசங்க கீது. எனக்கு மனசு ஆறல. ஜூன் மாசம் ரெண்டாவதுக்குப் புது டீச்சரு வந்துது. ரிஜிஸ்டர்ல பெரியவ பேரு அப்டியே கீது, யாரும் போய்ச் சொல்லல. நீ போய் அக்கா எடத்துல உக்காரு, கன்னியம்மான்னு கூப்ட்டா உள்ளேன்னு சொல்லுன்னு அனுப்பிட்டேன்."

"அப்புறம் மாத்தியிருக்கலாமேம்மா" என்றாள் ஜுலைகா.

பொன்னியம்மா காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாத்தணும்னுதான் ஒரு நாளு போனேன். ஜன்னலண்ட நின்னேன். டீச்சரு பேரு படிச்சிகினு வருது. கன்னியம்மான்னு கூப்டுது. உள்ள இருந்து உள்ளேன் டீச்சர்னு ஒரு கொரலு. எம் பொண்ணு உள்ளதான் கீறா, படிச்சிகினு கீறான்னு தோணுச்சு. திரும்பி வந்துட்டேன். அப்பறம் எத்தினியோ நாளு அந்த ஜன்னலண்ட போய் நின்னுகினு கேட்டுட்டுத்தான் கழனிக்குப் போவேன்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. வேம்பு எழுந்து நின்றாள். அந்தப் பெண் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"உள்ளேன்னு சொன்னது நான்மா. மழைல நனைஞ்சிகினு போனது நான். பிசிறு வெட்டிகினே படிச்சது நான். ஒவ்வொரு தபாவும் மார்க்கு வாங்கினு வந்து காட்டுனா, என் கன்னியம்மா, என் கன்னியம்மான்னு அந்தப் பேரத் தடவிப் பாப்ப. அந்தப் பக்கத்துல நான் நின்னுகினு இருப்பேன். என்ன ஒரு நாளு பாத்தியா?"

"வேம்பு" என்றார் துலுக்கானம்.

"இரு நைனா. எனக்கு எந்தப் பேரா இருந்தாலும் சரிமா. வேம்புலியம்மா செத்துட்டான்னா செத்துட்டுப் போறா. அவள யாருக்குத் தெரியும்? ரேசன் கடைக்காரனுக்குத் தெரியும். எனக்கு அந்த பெஞ்சுல உக்காரணும். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். ஜுலைகா அழுதாள். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையில் மூன்றாவது ஆள் நிற்கக்கூடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் பொன்னியம்மா என் வாசலில் நின்றாள். தலை குளித்திருந்தாள்.

"எழுது ஜம்பு. அந்த முன்சீப்பு சொன்ன மாரி எழுது."

முழு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். நூறு மனு எழுதிய கை எனக்கு. ரேஷன் சர்க்கரை, குழாய்த் தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான். அன்றைக்கு மட்டும் இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். மூன்றாவதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"எங்கள் இளைய மகள் வேம்புலியம்மாள் 1977ஆம் வருடம் மாசி மாதம் அம்மை கண்டு இறந்துவிட்டாள் என்றும், அப்போது பெயர் தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது என்றும், எங்கள் மூத்த மகள் கன்னியம்மாள் நல்ல நிலையில் உயிரோடு இருக்கிறாள் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறோம்."

முதல் வரியில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"கடசில இருக்கறத இன்னொரு தபா படி."

"எங்கள் மூத்த மகள் கன்னியம்மாள் நல்ல நிலையில் உயிரோடு இருக்கிறாள்."

"இன்னொரு தபா."

படித்தேன். அவள் அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ரப்பர் கறையில் வெடித்துப்போன கட்டைவிரலை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள். துலுக்கானம் தன் பெயரைக் கோணலாக எழுதினார். மத்தியானத்துக்குள் திருவேங்கடம் கைக்குப் போய்விட்டது. சொன்ன சொல் தவறாமல் அவர் செய்துகொடுத்தார். திங்கட்கிழமை ஜுலைகா அவளை ரயிலேற்றிக் கூட்டிப்போனாள். கன்னியம்மா காலேஜில் சேர்ந்தாள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தெருவில் எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்தார்கள். ஆனால் மறுநாள் முதல் பொன்னியம்மா ஒரு சட்டம் போட்டாள். வேம்பு என்று யாரும் கூப்பிடக்கூடாது. துலுக்கானம் பழக்கதோஷத்தில் வாய் தவறினால் அவள் முகம் வெளிறிவிடும். தண்ணி பிடிக்க வந்த சொர்ணம் "வேம்பு, கொடத்த எடு" என்றதற்குக் குழாயடியில் சண்டையே நடந்தது. தாயி அந்தப் பேரைத் தேடிக்கொண்டு வருவாள், யாராவது குரல் கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பெண்ணும் எதுவும் சொல்லாமல் காலை ரயிலுக்குப் போய்ச் சாயங்காலம் வந்து கத்தரிக்கோல் எடுத்தாள். காலேஜில் எல்லாம் இங்கிலீஷாக இருக்கிறது அண்ணா என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள். கணக்கு மட்டும் அவளோடு பேசுகிறதாம்.

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பொன்னியம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"படையல் போட்றேன் ஜம்பு. எழுதிக் குடுத்தாச்சு. எழுதனத முடிச்சுடணும். பாதில வுட்டா தேடிகினு வரும்."

அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வயசுக்கு வராமல் போன பெண்பிள்ளையைக் கன்னித் தெய்வமாக்கி, ஆடியில் துணி வைத்துச் சோறு படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் பதினோரு வருஷமாக அது நடந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் கூப்பிடுகிற பேருக்கு எப்படிப் படைப்பது என்று விட்டிருக்கிறாள். இப்போது செய்வதும் கன்னியம்மாவுக்கு அல்ல. காகிதத்தில் செத்துப்போன வேம்புலியம்மாவுக்கு. அதைச் செய்து முடித்துவிட்டால் இருக்கிறவளைத் தாயி விட்டுவிடுவாள் என்று அவள் நம்பினாள்.

போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. தலைவாழை இலையில் சின்னச் சட்டியோடு கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, ஒரு ஓரத்தில் பொரி உருண்டை. இலைக்குப் பக்கத்தில் மஞ்சள் தடவிய புதுப் பாவாடை, சட்டை. அந்தப் பாவாடையை உற்றுப் பார்த்தேன். காகிதப்படி செத்தவள் சின்னவள், ஐந்து வயது. பாவாடை ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தது, கொஞ்சம் வளர்ந்தாலும் போடும்படி கீழே மடித்துத் தைத்தது. பேரை மாற்றிவிட்டாள், உடம்பின் அளவை மாற்ற அவளால் முடியவில்லை.

சூடம் ஏற்றினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். வந்தவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும்.

"வேம்புலியம்மா" என்று கூப்பிட்டாள் பொன்னியம்மா. இன்னொரு தரம் கூப்பிட்டாள். "வந்து துன்னுட்டுப் போமா." கூப்பிடும்போது பக்கத்தில் நின்ற மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

வெளியே வந்தோம். துலுக்கானம் கதவை இழுத்தார். முழுவதும் சாத்துவதற்குள் அந்தப் பெண், "இரு நைனா" என்று சொல்லி, தாயின் கையை விடுவித்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து கதவிடுக்கில் முகத்தை வைத்தாள். உள்ளே யாரோ இருப்பதுபோலத்தான் பேசினாள்.

"அக்கா. என் பேர்லதான் வெச்சிக்குது. அத்தல்லாம் பாக்காத. பாவாட உன் அளவுதான். நீ உக்காந்து நல்லா துன்னு. உன் பேர்ல நான் படிச்சிக்கிறேன்."

பொன்னியம்மா அப்படியே தெருவில் சரிந்து உட்கார்ந்தாள். "கன்னியம்மா, எம் பொண்ணே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுபத்தேழு மாசியில் அழ வேண்டிய அழுகை. துலுக்கானம் கதவைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். சொர்ணம் ஓடிவந்து தூக்கப் பார்த்தாள். வேண்டாம், அழட்டும் விடு என்றேன் நான்.